வீடு இருக்கக் கூரை மாற்றுதல்

அனலைதீவிலிருந்து உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் எழுதிய கடிதம் சென்ற வாரம் நமக்குக் கிடைத்தது. அவர் வீட்டில் ஒரு மடிக்கணினி உண்டு. அதிலே உபுண்டு லினக்ஸின் 20.04 ஆம் பதிப்பு நிறுவப்பட்டிருந்தது. அப்பதிப்புக்குரிய பொதுப் பராமரிப்பு 2025 மே மாதத்துடன் முடிந்துவிட்டமையால், புதிய பதிப்புக்கு மாறிக்கொள்ள முயன்றிருக்கிறார். பாதி வழியில் மின்சாரம் நின்றுவிட்டது. இப்பொழுது பொத்தானை அழுத்தினால் கறுத்த திரையொன்றே தோன்றுகின்றது. பட்டினத்துக் கடையொன்றில் விசாரித்தபோது, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுத் தரலாம் என்று விடை வந்ததாம்.

“எல்லாவற்றையும்” என்ற அந்தச் சொல்தான் பிள்ளையை அச்சுறுத்திவிட்டது. கணினியின் உள்ளே அவருடைய பாடக் குறிப்புகள் இருக்கின்றன. அவற்றை வேண்டுமானால் மீண்டும் எழுதிக் கொள்ளலாம். ஆனால், காலஞ்சென்ற பாட்டனாரின் கைப்பட எழுதப்பட்ட குடும்பக் குறிப்பேட்டின் படங்களும், காணி உறுதியின் படப்பிரதியும், கனடாவிலுள்ள மாமனார் அனுப்பிய பழைய கலியாணப் படங்களும் அதற்குள்ளேதான் இருக்கின்றன. இவை அழியாமல் லினக்ஸை மீண்டும் நிறுவ வழியுண்டா என்று கேட்கிறார்.

வழி உண்டு. இதே இக்கட்டில் அகப்பட்டோர் பலர் ஆதலாலும், 2025 ஒக்ரோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இன் இலவசப் பராமரிப்பு முடிந்தபின் லினக்ஸுக்குப் புதிதாக வந்து சேர்ந்த குடும்பங்கள் பல ஆதலாலும், விடையை எல்லோருக்குமாக இங்கே எழுதுகின்றோம்.

நம் தீவகத்தில் பனையோலை வேய்ந்த வீடுகளே மிகுந்திருந்த காலத்தை முதியோர் நன்கறிவர். மாரி தொடங்குமுன் பழைய ஓலையை இறக்கிப் புதிய ஓலையால் வேய்வார்கள். அன்றைக்கு வீட்டுக்காரர் என்ன செய்தார்? பெட்டகத்தையும் பாய் தலையணைகளையும் பக்கத்து வீட்டுத் திண்ணைக்கு மாற்றினார். கூரை இடுக்கிற் செருகியிருந்த அரிவாள், ஏட்டுக்கட்டு, சாதகக் குறிப்பு முதலியவற்றைத் தேடி எடுத்தார். அதன் பின்னரே ஓலையில் கைவைத்தார். சுவரும் நிலமும் அப்படியே இருந்தன. கூரை மாறியதே தவிர, வீடு மாறவில்லை.

லினக்ஸை மீண்டும் நிறுவுவதும் ஏறக்குறைய இதுவேயாம். பணிசெயல் முறைமை என்பது கூரை. அதனைப் பிறர் செய்து தருகிறார்கள். எத்தனை முறை கேட்டாலும் தருவார்கள். 1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் தொடங்கிய கருவும், 1993 இல் தொடங்கிய டெபியன் திட்டமும், அதனை அடியாகக் கொண்டு 2004 இல் வெளிவந்த உபுண்டுவும் எவரும் விலையின்றி எடுத்துக்கொள்ளத் தக்கவை. ஆகவே முறைமை அழிந்தால் அழுவதற்கு ஒன்றுமில்லை. அழ வேண்டியது உள்ளேயிருக்கும் பொருளுக்காகவே. அப்பொருளை லினக்ஸ் வைத்திருக்கும் இடத்துக்கு ‘ஹோம்’ என்றே பெயர். வீடு என்பதுதான் அதன் பொருள்! கணினியைப் பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் அதற்குள்ளே தனித்தனிக் கோப்புறை உண்டு. ஒருவர் எழுதியவை, சேர்த்தவை, தமக்கேற்றவாறு அமைத்துக்கொண்டவை ஆகியன பெரும்பாலும் அங்கேயே தங்கும்.

கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் கண்ணுக்குப் பாட்டனாரின் ஏடும் பழைய ஓலையும் ஒன்றுதான். வேறுபாடு தெரிந்தவர் வீட்டுக்காரர் ஒருவரே.

இழந்தபின் மீளாதவை எவையென்பதை நாம் பிறருக்குச் சொல்லிக் கொடுக்கத் தக்க அளவுக்கு அனுபவித்தவர்கள். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றுடன் வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளும் சாம்பலாயின. கட்டடம் பின்னர் மீண்டும் எழுந்தது. பிரதியில்லாத சுவடிகள் எழவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தீவகத்திலிருந்தும், 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்தும் மக்கள் புறப்பட்டபோது, கையிலே கொண்டுபோனவை உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் சில படங்களுமே. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படமாக்கிப் பலரும் எடுத்துக்கொள்ளுமாறு வைத்திருப்பது இவ்விழப்புகளை அறிந்தே. ஒரே இடத்தில் இருப்பது ஒரே நாளில் அழியக்கூடும். மாணவருடைய மடிக்கணினியிலும் நிலைமை இதுவே. அந்தக் குறிப்பேட்டின் படங்கள் வேறெங்கும் இல்லை. எனவே நிறுவுதலைப் பற்றிப் பேசுமுன் பிரதியெடுத்தலைப் பற்றியே பேச வேண்டும்.

திரை கறுத்திருக்கிறதே, பிரதி எடுப்பது எவ்வாறு என்று ஐயுற வேண்டா. முறைமை குலைந்தாலும் வன்தட்டிலுள்ள கோப்புகள் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். புதிய லினக்ஸை ஒரு பென்டிரைவில் எழுதி, கணினியை அதிலிருந்தே தொடக்கலாம். வன்தட்டைத் தொடாமலே ஒரு முழு முறைமை இயங்கும். ‘நிறுவுக’ என்பதை அழுத்தாமல், ‘நிறுவாது பயன்படுத்திப் பார்க்க’ என்பதையே தெரிந்துகொள்ள வேண்டும். உபுண்டு 24.04 இன் நிறுவற் கோப்பு ஏறத்தாழ 6 கிகாபைட் அளவினது. கைத்தொலைபேசித் தரவை நம்பித் தீவிலிருந்து இதனைப் பதிவிறக்குவதிலும் பார்க்க, யாழ்ப்பாணத்துக்குப் போய்வரும் ஒருவரிடம் பென்டிரைவைக் கொடுத்தனுப்புவது மலிவு. ஊர்காவற்றுறையிலிருந்து படகில் அரிசியும் மண்ணெண்ணெயும் வருவதுபோல இதுவும் வரட்டும். ஆனால் வந்து சேர்ந்தது பழுதற்றதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். வெளியிட்டோர் ஒவ்வொரு கோப்புக்கும் 64 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட ஒரு சோதனைத்தொகையை வெளியிடுகின்றனர். பதிவிறக்கிய கணினியிலேயே அதனைக் கணித்து ஒப்பிட்டால், ஓர் எழுத்து வேறுபட்டாலும் கோப்புப் பழுதென்று அறியலாம். கடல் தாண்டி வந்தபின் அறிவதிலும் முன்னரே அறிவது நன்றன்றோ?

இனி, பிரதியெடுக்கும்போது பலரும் தவறவிடுவது கண்ணுக்குத் தெரியாத கோப்புகளை. லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் புள்ளியுடன் தொடங்கினால் அது வழக்கமான பட்டியலிற் காட்டப்படாது. யூனிக்ஸின் ஆரம்ப காலத்தில் ஒரு சிறு சோம்பலினால் நேர்ந்த விளைவு இது என்று அதனை உருவாக்கியோருடன் பணியாற்றிய ரொப் பைக் கூறியிருக்கிறார். தற்செயலாய் நேர்ந்ததாயினும், மென்பொருள்கள் தத்தம் அமைப்புகளை ஒளித்து வைக்கும் இடமாக அதுவே நிலைத்துவிட்டது. ஃபயர்பாக்ஸ் உலாவியின் அடையாளக்குறிகளும் சேமித்த கடவுச்சொற்களும், தண்டர்பேர்ட் அஞ்சல்களும், லிப்ரே ஆபிஸில் நீங்கள் சேர்த்துக்கொண்ட சொந்தச் சொற்களின் அகராதியும் இவ்வாறு ஒளிந்திருப்பவையே. கோப்பு மேலாளரில் ‘கன்ட்ரோல்’ விசையுடன் ‘எச்’ விசையை அழுத்தினால் இவை வெளிப்படும். படங்களையும் ஆவணங்களையும் மாத்திரம் தெரிந்து நகலெடுத்துவிட்டு, ‘எல்லாம் எடுத்தாயிற்று’ என்று சொல்பவர், பெட்டகத்தைத் தூக்கிவிட்டு அதன் சாவியை மறந்தவராவார். கோப்புறை கோப்புறையாகப் பொறுக்குவதை விட்டு, உங்கள் பெயரிலுள்ள வீட்டுக்கோப்புறை முழுவதையும் ஒருங்கே எடுப்பதே சிறந்தது.

எங்கே எடுப்பது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. கடையில் வாங்கும் பென்டிரைவுகள் பல ‘ஃபாட்32’ என்னும் பழைய ஒழுங்கில் அமைந்தவை. அவ்வொழுங்கில் 4 கிகாபைட்டை எட்டும் தனிக்கோப்பு எதுவும் அடங்காது. நீண்ட கலியாண வீடியோ அங்கேயே நின்றுவிடும். மேலும், லினக்ஸ் ஒவ்வொரு கோப்புக்கும் உரியவர் யார், யார் திறக்கலாம் என்ற குறிப்பை வைத்திருக்கின்றது. ஃபாட்32, எக்ஸ்ஃபாட் ஆகிய ஒழுங்குகளில் இக்குறிப்பு தங்காது. இதற்குப் பரிகாரம் இரண்டு. வெளி வன்தட்டை லினக்ஸுக்குரிய ‘எக்ஸ்ட்4’ ஒழுங்கில் அமைத்துக்கொள்ளலாம். அல்லது ‘டார்’ என்னும் கருவியால் வீட்டுக்கோப்புறை முழுவதையும் ஒரே பொதியாகக் கட்டி, எக்ஸ்ஃபாட் தட்டில் வைக்கலாம். உரிமைக் குறிப்பு பொதிக்குள்ளே பத்திரமாயிருக்கும். இவ்வேலையை நிர்வாகி அதிகாரத்துடன் செய்ய வேண்டும். இன்றேல் சில கோப்புகளைத் திறக்க இயலாது, அவை விடுபட்டுப் போகும்.

வீட்டுக்கோப்புறைக்கு வெளியே, கூரை இடுக்கிலே செருகிவைத்தவை போலச் சில உண்டு என்றோமல்லவா? வைஃபை இணைப்பின் கடவுச்சொற்களைப் பலர் தம் வீட்டுக்கோப்புறையில் இருப்பனவென்று எண்ணுகின்றனர். அவை பொதுவாக முறைமைக்குரிய ‘ஈடீசி’ என்னும் கோப்புறையிலேதான் உள்ளன. அச்சுப்பொறியின் அமைப்பும் அங்கேயே. பாடசாலை வேலைக்காகத் தரவுத்தளம் எதனையும் கணினியில் நடத்தியிருந்தால், அதன் தரவு ‘வார்’ என்னும் கோப்புறையில் இருக்கும். இவற்றின் பிரதியையும் எடுத்து வையுங்கள். ஆனால் பழைய ஈடீசி முழுவதையும் புதியதன்மேற் கொண்டுபோய்க் கொட்டுவது பெருந்தவறு. பழைய வன்தட்டுப் பிரிவுகளின் அடையாளங்கள் அதற்குள்ளே எழுதப்பட்டிருக்கின்றன. புதிய முறைமை அவற்றைத் தேடிக் காணாமல் தொடங்க மறுக்கலாம். அப்பிரதி பார்த்து எழுதுவதற்கே அன்றிப் போட்டு நிரப்புவதற்கன்று. மென்பொருள்களைப் பிரதியெடுக்கவே வேண்டா. எவையெவை இருந்தன என்ற பெயர்ப்பட்டியல் போதும். பின்னர் இணையத்திலிருந்து அவற்றைப் புதிதாய் நிறுவிக்கொள்ளலாம்.

தமிழ் எழுதுவோர் இன்னொன்றைக் கவனிக்க. இலங்கையிலே பல ஆண்டுகள் தமிழ்த் தட்டச்சுக்குக் கோலோச்சியது ‘பாமினி’ எழுத்துரு. அதில் அடித்த ஆவணத்தைத் தமிழாகக் காட்டுவது அந்த எழுத்துருக் கோப்பு ஒன்றே. அது இல்லாவிடத்து அதே ஆவணம் ஆங்கில எழுத்துகளின் குழப்பமாகத் தோன்றும். புதிய முறைமையில் பாமினி இராது. கோயில் நிர்வாகசபை அறிக்கையும், பழைய மாணவர் சங்க மலரின் கட்டுரையும் இவ்வாறு உருக்குலைந்து நிற்பதைக் கண்டு, ‘வைரஸ் பிடித்துவிட்டது’ என்று அழித்தவர்கள் இருக்கின்றார்கள். ஐயோ! எழுத்துருவை மீண்டும் வைத்தவுடன் அவை உயிர்பெற்றிருக்கும். ஆகவே உங்கள் எழுத்துருக் கோப்புகளையும் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தமக்காக மாத்திரம் சேர்த்தவை வீட்டுக்கோப்புறையில் ஒளிந்திருக்கும். எல்லோருக்குமாகச் சேர்த்தவை முறைமையின் பக்கத்தில் இருக்கும். தமிழ்99 விசையமைப்பையோ வேறு சாவிப்பலகை அமைப்பையோ பயன்படுத்துவோர் எதனைத் தெரிந்திருந்தனர் என்று ஒரு கடதாசியில் எழுதிவைப்பது போதும்.

பிரதி எடுத்தாயிற்று. இப்பொழுது அதனைக் கழற்றி, வேறொரு கணினியிற் செருகித் திறந்து பாருங்கள். குறிப்பேட்டின் முதற் பக்கப் படம், கடைசிப் பக்கப் படம், வீடியோவின் நடுப்பகுதி, ஒரு பாமினி ஆவணம் ஆகியவற்றைத் திறந்து பார்த்தாலன்றி ‘பிரதி இருக்கிறது’ என்று சொல்லாதீர்கள். மிக அரியனவற்றுக்கு இரண்டாவது பிரதியொன்று எடுத்துத் தீவுக்கு வெளியே அனுப்பிவிடுவது நலம். கனடா மாமனார் இதற்குத்தான் இருக்கிறார்!

மின்சாரத்தைப் பற்றி ஒரு சொல். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் தேசிய மின்கட்டமைப்போடு இணையாமல் டீசல் மின்பிறப்பாக்கிகளால் ஒளிபெற்று வந்தவை. இவற்றுக்குச் சூரிய ஒளியும் காற்றும் டீசலும் சேர்ந்த கலப்பு மின்நிலையங்களை இந்திய நன்கொடையுடன் அமைப்பதற்கு 2024 மார்ச் மாதத்தில் ஒப்பந்தமாயிற்று. எவ்வூராயினும், நிறுவும் வேளையில் மின் நிற்பது தீங்கு. வன்தட்டின் பிரிவுகளை மாற்றியமைக்கும் நேரத்தில் நின்றால் உள்ளிருப்பவை குலையக்கூடும். மடிக்கணினியாயின் மின்கலத்தை முழுவதும் நிரப்பிக்கொண்டு தொடங்குங்கள். மேசைக்கணினியாயின் யூபிஎஸ் ஒன்றை இரவல் வாங்கியேனும் இணையுங்கள்.

நிறுவும் முறைக்கு வருவோம். நிறுவியானது வழக்கமாக முன்வைக்கும் முதல் வழி, தட்டு முழுவதையும் அழித்து ஒரே பிரிவாக ஆக்குவது. கூரையும் வீடும் ஒன்றாய்ப் பிணைந்திருப்பதற்குக் காரணம் முன்னர் ஒருமுறை இந்த வழியைத் தெரிந்ததே. மாணவருடைய கணினியும் அவ்வாறே இருக்கும் என எண்ணுகிறோம். அவருக்கு நாம் கூறும் வழி இது: பிரதி இரண்டும் கையிலிருக்க, இம்முறை தட்டைக் கைமுறையாகப் பிரிவமைத்துக்கொள்க. முறைமைக்கு 60 கிகாபைட் அளவில் ஒரு பிரிவும், மீதியில் ‘ஹோம்’ என்பதற்குத் தனிப் பிரிவும் இருக்கட்டும். பின்னர் பிரதியிலிருந்து பொருள்களை மீட்டு உள்ளே வைக்கலாம். தொல்லை இந்த ஒருமுறைதான். அடுத்த தடவை முறைமை குலைந்தால், முறைமைப் பிரிவை மட்டும் அழித்து நிறுவி, வீட்டுப் பிரிவை அழிக்காமல் அதன் பழைய இடத்திலேயே இணைத்துவிடலாம்.

அந்த அடுத்த தடவையில் எல்லாம் ஒரு சிறு அடையாளத்திலே தங்கியிருக்கின்றது. நிறுவியின் பட்டியலில் ஒவ்வொரு பிரிவுக்கும் எதிரே ‘ஃபார்மட்’ செய்வதா என்று குறிக்கும் கட்டம் உண்டு. முறைமைப் பிரிவுக்கு அக்கட்டம் குறியிடப்பட்டிருக்க வேண்டும். வீட்டுப் பிரிவுக்குக் குறியிடப்படாதிருக்க வேண்டும். பிரிவுகளின் பெயர்களோ எழுத்தும் இலக்கமுமாய் மயக்கந்தருவன. ஆகையால் எது எத்தனை கிகாபைட் என்பதை முன்னரே கடதாசியில் எழுதிவைத்து, அதனோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே மேலே செல்லுங்கள். விண்டோஸும் அதே தட்டில் இருக்குமாயின், கணினியைத் தொடக்கும் ‘ஈஎஃப்ஐ’ என்ற சிறு பிரிவையும் அழிக்கலாகாது. இங்கே அவசரம் கூடாது. உடனிருந்து பார்க்க இன்னொருவரை அழைத்துக்கொள்வதில் வெட்கமுமில்லை.

புதிய முறைமை பயனர் பெயரைக் கேட்கும்போது பழைய பெயரையே கொடுங்கள். கோப்புக்கு உரியவர் யார் என்பதை லினக்ஸ் பெயரால் நினைவு கொள்வதில்லை, இலக்கத்தால் நினைவு கொள்கிறது. உபுண்டுவிலும் டெபியனிலும் முதலிற் சேர்பவருக்கு 1000, அடுத்தவருக்கு 1001 என்று எண் வழங்கப்படுகிறது. முன்பு தந்தை முதலும் மகள் இரண்டாவதுமாகச் சேர்ந்திருந்து, இம்முறை மகள் முந்திக்கொண்டால், தந்தையின் கோப்புகள் மகளுக்கும் மகளுடையவை தந்தைக்கும் உரியனவாகக் காட்டும். சொந்தக் கோப்பைத் திறக்க உரிமையில்லை என்று கணினி சொல்லும். ஒன்றும் அழியவில்லை, திருத்திக்கொள்ளலாம். ஆனாலும் பழைய வரிசையிலேயே சேர்த்துவிட்டால் இத்தலைவலி இல்லை.

20.04 இலிருந்து 24.04 க்கு மாறுவோர்க்கு மேலும் ஒன்று. உபுண்டு 22.04 முதற்கொண்டு ஃபயர்பாக்ஸ் ‘ஸ்னாப்’ என்னும் வேறு பொதியாக வருகின்றது. அதனால் அதன் அமைப்புகளும் வீட்டுக்கோப்புறைக்குள்ளே ‘ஸ்னாப்’ என்னும் கோப்புறையின் அடியில் தங்குகின்றன. பழைய அடையாளக்குறிகள் தாமாக அங்கே வந்து சேராவிடின், கையால் எடுத்து வைக்க வேண்டும். சேமித்த கடவுச்சொற்கள் ஒரு கோப்பிலும், அவற்றைத் திறக்கும் திறவுகோல் வேறொரு கோப்பிலும் இருப்பதால், ஒன்றிரண்டைப் பொறுக்காமல் அக்கோப்புறையை முழுமையாகவே மாற்றுக.

பழைய அமைப்புகள் யாவும் புதிய கூரையின் கீழ் ஒத்துப்போகும் என்பதுமில்லை. திரை விசித்திரமாக நடந்துகொண்டால் முறைமையைப் பழிக்குமுன் ஒரு சோதனை செய்யலாம். புதிய பயனர் ஒருவரைச் சேர்த்து அவர் பெயரில் நுழைந்து பாருங்கள். அங்கே எல்லாம் செவ்வனே இயங்கினால், குற்றம் பழைய அமைப்புக் கோப்பு ஏதோவொன்றில் இருக்கிறது. அதனை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி ஒதுக்கிவைத்தால், மென்பொருள் தனக்கெனப் புதியதொன்றை உண்டாக்கிக்கொள்ளும். எல்லா அமைப்பையும் காப்பாற்றியே தீரவேண்டும் என்ற பேராசை வேண்டா என்பது நம் கருத்து. ஆவணமும் படமும் அஞ்சலும் கடவுச்சொல்லும் வந்து சேர்ந்தால், திரைப்படத்தின் நிறத்தையும் பொத்தானின் இடத்தையும் ஒரு மாலைப்பொழுதில் மீண்டும் அமைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்து கணினி நன்றாக இயங்கினாலும், வெளித்தட்டிலுள்ள பிரதியை உடனே அழித்துவிடாதீர்கள். எது விடுபட்டதென்பது அதனைத் தேடும் நாளிலேதான் தெரியவரும். பாடசாலைத் தவணை ஒன்று கழியும் வரையாவது அது அப்படியே இருக்கட்டும். பாமினியில் அடித்த பழைய ஆவணங்களை யூனிக்கோட்டுக்கு மாற்றும் முறையை வேறு சிலரும் கேட்டு எழுதியிருக்கின்றனர். அதனை அடுத்த ஞாயிறு விரிவாகப் பார்ப்போம்.